ஸ்கிரிப்ட் ஓடியது சரி, மீதிக் கட்டுரைகள் எங்கே?

போன மாதம் பாகாயத்திலிருந்து ஒரு தம்பி லேப்டாப்போடு வந்தார். வேலூர்ப் பக்கத்துக் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பற்றி வந்த ஆய்வுகளைத் திரட்ட, பைத்தானில் பத்து வரி நிரல் எழுதி, மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட்டில் அதன் ஏபிஐ (நிரல்கள் நேரடியாகக் கேட்டு வாங்கும் வழி) மூலம் தேடியிருக்கிறார். "அண்ணா, மொத்தமே 20 கட்டுரைதான் இருக்கு" என்றார். ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவேக் தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை நடந்த மூன்று ஊர்களில் வேலூரும் ஒன்று, இங்கே 20 தானா?

விஷயம் இதுதான்: பப்மெட்டின் தேடல் சேவையான ஈ-சர்ச்சில் ரெட்மேக்ஸ், அதாவது எத்தனை முடிவு வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால் அது 20 கட்டுரைகளின் அடையாள எண்களைக் கொடுத்துவிட்டு சும்மா இருந்துவிடும், பிழை எதுவும் காட்டாது. கிராஸ்ரெஃப், ஆர்க்கைவ் (arXiv) போன்ற மற்றக் கட்டுரைத் தளங்களிலும் அப்படித்தான், கேட்காவிட்டால் கிராஸ்ரெஃப்பில் 20, ஆர்க்கைவில் 10. பப்மெட்டிலிருந்து வந்த பதிலிலேயே கவுண்ட் என்று மொத்த எண்ணிக்கை இருக்கும், உங்கள் கையில் இருக்கும் வரிகளோடு அது ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள்.

தம்பி ரெட்மேக்ஸை ஏற்றினார். இப்போது வெள்ளம். திறந்து பார்த்தால் எங்கோ வேறு நாட்டில் நடந்த ஆய்வெல்லாம் வருகிறது. ஏனென்றால் வெறுமனே 'வேலூர்' என்று போட்டால் பப்மெட் ஆசிரியர்களின் பணியிட முகவரியிலும் தேடும். சிஎம்சி, விஐடி ஆட்கள் எதைப் பற்றி எழுதியிருந்தாலும் அந்த முகவரியில் வேலூர் இருக்குமே! தலைப்பு, சுருக்கம், ஆசிரியர் தரும் குறிச்சொற்கள் இவற்றில் மட்டும் தேடச் சொல்லும் டேக்கை, அதாவது எங்கே தேட வேண்டும் என்று காட்டும் குறியைச் சேர்த்த பிறகுதான் குப்பை குறைந்தது.

ஆனால் அதோடு விட்டால் பழசெல்லாம் போய்விடும். 1989க்கு முன் இது திருவண்ணாமலையையும் சேர்த்து வட ஆற்காடு மாவட்டம், அக்காலக் கட்டுரைகள் பல அந்தப் பெயரில்தான் இருக்கின்றன. 2019இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனி மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டன. ஆக 'நார்த் ஆற்காட்', 'ராணிப்பேட்', 'திருப்பத்தூர்' எல்லாவற்றையும் 'ஆர்' போட்டு இணைக்க வேண்டும். ஊர்க்காரனுக்குத் தெரிந்த இது ஏபிஐக்குத் தெரியாது.

வேகத்துக்கு வருவோம். பப்மெட்டில் ஏபிஐ கீ (கேட்பவர் யார் என்று காட்டும் குறியீடு) இல்லாமல் ஒரு ஐபி முகவரியிலிருந்து நொடிக்கு 3 கோரிக்கை, கீ வாங்கினால் 10, கீ இலவசம்தான். ஹாஸ்டல் வைஃபையில் நாலு பேர் ஒரே நேரத்தில் ஓட்டினால் வெளியே ஒரே ஐபியாகத் தெரியலாம், நீங்கள் ஒழுங்காக இருந்தும் 429, அதாவது 'கோரிக்கைகள் அதிகம்' என்ற பிழை வரும். அந்தப் பிழையை 'எக்ஸெப்ட், பாஸ்' என்று விழுங்க வைத்திருந்தீர்கள் என்றால் தொலைந்தது, இருநூறு கட்டுரை காணாமல் போனதே தெரியாது. பெரிய வேலைகளை வார நாட்களில் அமெரிக்கக் கிழக்கு நேரம் இரவு 9 முதல் காலை 5க்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் பப்மெட்காரர்கள். நம் கணக்கில் காலை ஏழரையிலிருந்து மதியம் இரண்டரை வரை எந்த மாதமும் கவலையில்லை. ராத்திரி கண் விழிக்க வேண்டியதில்லை.

முடிவுகள் 10,000க்கு மேல் போனால் ஈ-சர்ச் முதல் 10,000 பப்மெட் பதிவுகளோடு நின்றுவிடும், ஆண்டு வாரியாக உடைத்துக் கேளுங்கள். கிராஸ்ரெஃப்பில் இதற்குக் கர்சர் இருக்கிறது, விட்ட இடத்திலிருந்து அடுத்த தொகுப்பைக் கேட்கலாம். கூகுள் ஸ்காலருக்கு அதிகாரபூர்வ ஏபிஐயே கிடையாது, அதைச் சுரண்டப் போய் கேப்சாவில் மாட்டிக்கொண்டு நாளை வீணாக்காதீர்கள். கீயை கோடுக்குள்ளேயே எழுதி கிட்ஹப்பில் போடக் கூடாது என்று வேறு சொல்ல வேண்டுமா?

கடைசியில் தம்பிக்கு இன்னொரு சிக்கல்: பப்மெட்டில் எடுத்ததையும் ஓப்பன்அலெக்ஸ் என்ற இன்னொரு கட்டுரைத் தளத்தில் எடுத்ததையும் சேர்த்தால் ஒரே கட்டுரை இரண்டு முறை வந்தது. கட்டுரையின் நிரந்தர அடையாளமான டிஓஐ பப்மெட்டில் '10.' என்று தொடங்கும், ஓப்பன்அலெக்ஸில் முழு இணைய முகவரியாக இருக்கும். போதாததற்கு டிஓஐயில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான், பைத்தானுக்கு அவை வேறு வேறு. முன்னொட்டை வெட்டி, எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கி ஒப்பிட்டதும் இரட்டைகள் போய்விட்டன. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணா" என்றார். முதலில் வந்தது 20 தானே தம்பி!