வெள்ளிக்கிழமை மத்தியானத்த வேலை செய்யுதவங்க கையில விட்டுருங்க

உங்ககிட்ட இருக்கது ப்ரோக்ராமரோ, டிசைன் இன்ஜினியரோ, பேட்டை பட்டறையில லேத் ஓட்டுற ஆளோ, வெள்ளிக்கிழமை மத்தியானம் முழுசா அவிய யோசனைய செஞ்சு பாக்க விட்டுருங்க, ஒரே கண்டிஷன், திங்கக்கிழமை காலைல பத்து நிமிஷம் எல்லாருக்கும் காட்டணும், ஓடலைன்னாலும் காட்டணும். தினமும் எந்த எடத்துல நேரம் வீணாகுதுன்னு கை வச்சு வேலை செய்யுதவங்களுக்குத்தான் தெரியும், சரி பண்ண நேரந்தான் கிடைக்கிறதில்ல, டேப்பு, ஒட்டுற நோட்டுத் தாள் எல்லாம் செய்யுற அமெரிக்காவோட த்ரீ எம் கம்பெனி 1948லயே 15 சதவீத நேரத்த இதுக்குன்னு விட்டுச்சு. ஓடாததையும் காட்டச் சொன்னா பயம் போயிரும், அதுதான் இதுல முக்கியமே, "ஏன் ஓடல"ன்னு மட்டும் கேட்டுராதீங்க, அடுத்த வாரம் ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க, "அடுத்து என்ன செய்யலாம்"னு கேளுங்க.

கங்கைகொண்டான் சிப்காட் மாதிரி ஷிஃப்ட்ல லைன் ஓடுற எடத்துல எல்லாரையும் ஒண்ணா விட முடியாது, மாத்தி மாத்தி ரெண்டு பேரா விடலாம். டெலிவரிக்கு ரெண்டு நாள்தான் இருக்குன்னா அந்த வாரம் வேண்டாம். சம்பளம் பாக்கி வச்சிருந்தா மொதல்ல அதக் குடுத்துருங்க, அது இல்லாம இது ஒண்ணும் வேலைக்காகாது.