சுழியைப் பார்த்தது போதும், சைஸைக் கேளுங்கள்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் குதிரைச் சந்தைக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது சுழிக் கணக்குதான். நெற்றியில் எத்தனை, கழுத்தில் எந்தப் பக்கம் என்று ஆளாளுக்கு விரல் நீட்டுவார்கள். ஒரு சுழி பிசகினால் விலை இறங்கிவிடும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு தரகர் வழியாக என் முதல் குதிரையை வாங்கியபோது என் மாமனார்தான் சுழி பார்த்தார். காங்கயம் மாடு வளர்த்த கை. "சுழி சுத்தம், புடிச்சுட்டு வாம்மா" என்றார். மூன்றாம் நாள் அந்தச் சுழி சுத்தமான குதிரை என்னைக் கிளுவை வேலிக்குள் வீசிவிட்டுப் போனது. கிளுவை முள் எப்படிப்பட்டது என்று எங்கள் பக்கத்தில் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை.

அது பந்தயத்திலிருந்து கழித்துவிட்ட ஆறு வயதுப் பெட்டை. செவலை என்று கூப்பிடுகிறோம். அன்றைக்கு நடந்தது இதுதான்: வேகம் கூடியது, பயந்து லகானை இழுத்தேன், இன்னும் வேகம் கூடியது, இன்னும் இழுத்தேன். "திமிர் பிடித்தது" என்றுதான் ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பந்தயக் குதிரைக்குப் பாஸ்போர்ட் உண்டு. புனேயில் இருக்கும் இந்திய ஸ்டட் புக் ஆணையம் கொடுப்பது. பிறந்த தேதி, அப்பா அம்மா, உடம்பு அடையாளம், பதிவுப் பெயர் எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு கிண்டியில் விசாரித்ததில், செவலையை இரண்டு வருஷம் பார்த்துக்கொண்ட சைஸ், அதாவது லாயத்தில் குதிரையைப் பராமரிக்கிற ஆள், ஒருவர் போனில் கிடைத்தார். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "இன்னாம்மா, லகானை இறுக்கிப் புடிச்சா ஓடுன்னுதான அதுக்கு சொல்லிக் குடுத்துருக்கோம்!"

அவரிடம் இருபது நிமிஷம் பேசியதில் கிடைத்தது, நான் அதுவரை பார்த்த வீடியோக்கள் எதிலும் கிடைக்கவில்லை. இரண்டு வயது நிறையும் முன்பே பயிற்சியில் சேர்த்தது. விடிவதற்கு முன் வெளியே கொண்டுபோய், ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் திரும்பவும் லாயத்துக்குள். மீதி நேரமெல்லாம் நான்கு சுவர். ஏறுபவரை, குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே காலைப் பிடித்துத் தூக்கிவிடுவார்கள். அதனால் நின்று ஆள் ஏற்றுவது என்பதே அதற்குத் தெரியாது. வெளியே போவது எப்போதும் மற்றக் குதிரைகளோடுதான், தனியாக ரோட்டில் நடந்ததே இல்லை. நான் 'குணம்' என்று நினைத்திருந்த நான்கு விஷயங்களுமே அதன் பழைய வேலையின் பழக்கங்கள். விடியற்காலை நாலரைக்குக் கதவை உதைப்பது உட்பட.

ஆகவே குதிரை வாங்கப் போகிறவர்களுக்கு என் முதல் யோசனை: உரிமையாளரிடம் விலையைப் பேசுங்கள், மற்றதையெல்லாம் தீனி வைக்கிற ஆளிடம் பேசுங்கள். என்ன வேலை செய்தது, யார் ஏறினார்கள், என்ன தின்றது, எத்தனை மணிக்குத் தின்றது, பக்கத்தில் வேறு குதிரை இருந்ததா, எத்தனை வயதில் தாயிடமிருந்து பிரித்தார்கள். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் கிடைக்காது. இருந்தாலும் கேளுங்கள், குட்டியைச் சட்டென்று பிரித்துத் தனிக் கொட்டடியில் அடைத்துத் தானியத்தில் வளர்த்தால், மரத்தைக் கடித்துக் காற்றை உறிஞ்சும் பழக்கம் வர வாய்ப்பு அதிகம்.

ஆள் பொய் சொல்லலாம், குதிரையின் உடம்பு சொல்லாது. தீனி நேரத்தில், சொல்லாமல் போய் நில்லுங்கள். கொட்டடிக் கதவின் மேல்விளிம்பு கடிபட்டிருக்கிறதா? மேல்வரிசை முன்பல் தேய்ந்திருக்கிறதா? வாயோரத்தில் தழும்பு? முதுகில் சேணம் உட்காரும் இடத்தில் திட்டுத் திட்டாக வெள்ளை முடி இருந்தால், அங்கே ஒரு காலத்தில் சேணம் அழுத்திப் புண்ணாகியிருக்கிறது. குளம்பில் வளையம் வளையமாக வரி ஓடினால் தீனி திடீரென்று மாறியிருக்கலாம், காய்ச்சலும் வந்திருக்கலாம். ரொம்பச் சாதுவாக, கீழுதடு தொங்கி, அரைத்தூக்கத்தில் நின்றால் சந்தோஷப்படாதீர்கள். மயக்க ஊசியாக இருக்கலாம். மறுநாளும் போய்ப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மாதம் ஏறாதீர்கள். இதைச் சொன்னால் யாருமே கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. அந்த மாதத்தில் செய்ய வேண்டியது வயிற்று வேலை.

குதிரையின் இரைப்பை உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குச் சின்னது, 15 லிட்டர் கொண்டால் அதிகம். அதில் அமிலம் இரவு பகலாக ஊறிக்கொண்டே இருக்கும், தின்றாலும் தின்னாவிட்டாலும். அதை ஆற்றுவது எச்சில். எச்சில் ஊறுவது மெல்லும்போது மட்டும். மேய்ச்சலில் விட்டால் குதிரை ஒரு நாளில் 14, 16 மணி நேரம் மென்றுகொண்டே இருக்கும். அந்த மிருகத்தை அடைத்து வைத்து, மூன்று வேளை தானியம் போட்டு, இடையில் வெறும் வாயோடு நிறுத்தினால் என்ன ஆகும்? பயிற்சியில் இருக்கும் பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றுப்புண் இருப்பதைக் குழாய் விட்டுப் பார்த்தே உறுதி செய்திருக்கிறார்கள். செவலை, சேணத்தின் வார் இறுக்கும்போதெல்லாம் திரும்பிக் கடிக்க வரும். அதையும் திமிர் கணக்கில்தான் எழுதியிருந்தேன். மருத்துவர் வந்து புண்ணுக்கு மருந்து கொடுத்து, தீனியையும் மாற்றி ஆறு வாரம் கழித்து வாரை இறுக்கினால், காதை லேசாக மடக்கியதோடு சரி.

தீனி மாற்றம் இப்படி. செவலையின் எடை சுமார் 440 கிலோ. தினமும் 6 கிலோ தானியம் தின்று வந்தது. அதைப் பதினான்கு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து 2 கிலோவுக்குக் கொண்டுவந்தேன், அதையும் இரண்டு வேளையாகப் பிரித்து. ஊறவைத்து வேகவைத்த கொள்ளு அரைக் கிலோ அதில் அடக்கம். காய்ந்த புல் 9 கிலோ. அதில் இரவுக்கு மட்டும் 4 கிலோ, சின்னக் கண் வலையில் கட்டித் தொங்கவிட்டு, மெதுவாகப் பிய்த்துத் தின்னும்படி. ஏறுவதற்கு அரை மணி முன்னால் ஒரு பிடி புல் கட்டாயம். காலி வயிற்றில் ஓடினால் அமிலம் மேலே தெறிக்கும்.

எங்கள் கொரங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், கொழுக்கட்டைப் புல் நிறைய. மாமனார், "மாட்டுக்குப் போடறதையே போடு, என்ன ஆயிரப்போவுது" என்பார். பாதி சரி. கொழுக்கட்டை, நேப்பியர் இரண்டிலும் ஆக்சலேட் உண்டு, அது சுண்ணாம்புச் சத்தைக் குதிரைக்குக் கிடைக்கவிடாது. கூடவே தவிட்டையும் அள்ளிப் போட்டால் நாளாக ஆக எலும்பு கெட்டு, காலும் தாடையும் வலிக்கும். வலிக்கிற குதிரை சேணத்தைப் பார்த்தாலே முறைக்கும், நாம் குணத்தைத் திட்டுவோம். அதற்குத்தான் குதிரை மசால். பேரிலேயே இருக்கிறது! நான் காய்ந்த மசால் ஒன்றரைக் கிலோ கலந்து கொடுக்கிறேன். பச்சைச் சோளத்தட்டு பக்கம் மட்டும் போகாதீர்கள். குதிரைக்குச் சிறுநீர்ப்பை கெட்டுப் பின்கால் தள்ளாடும்.

செவலையின் காற்று உறிஞ்சும் பழக்கத்தில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். கழுத்தில் ஒரு பட்டை கட்டினால் நின்றுவிடும் என்றார்கள். கட்டினேன். நின்றது. ஆனால் குதிரை கொட்டடிக்குள்ளேயே சுற்ற ஆரம்பித்தது, தீனியும் குறைந்தது. பத்தாம் நாள் கழற்றிவிட்டேன். மேய்ச்சலும் துணையும் கிடைத்த பிறகு பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை, இனிப் போகும் என்றும் நான் நம்பவில்லை. பக்கத்துக் குதிரை பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்று பயமுறுத்துவார்கள். பக்கத்தில் இருந்த என் மற்றக் குதிரைகள் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை.

துணை என்றதும் சொல்ல வேண்டும்: இன்னொரு குதிரை வாங்க வசதியில்லை என்றால் ஒரு ஆடாவது. செவலைக்கு முதல் வருஷம் ஒரு வெள்ளாடுதான் கூட்டாளி. ஆடு சினையாகி வெளியே போனபோது செவலை கத்திய கத்தல் தோட்டம் முழுக்கக் கேட்டது.

என் இரண்டாவது குதிரை வெள்ளையனின் கதை நேர்மாறு. கல்யாண ஊர்வலத்தில் நின்ற குதிரை. தவில், பேண்டு, ஆயிரம்வாலா எதற்கும் அசையாது. ஆனால் கடிவாளத்தை எடுத்துக்கொண்டு போனால் தலையைத் தென்னை உயரத்துக்குத் தூக்கும். வாயைத் திறந்து பார்த்தால் நாக்கின் ஓரத்தில் பழைய வெட்டு, இரண்டு கடைவாயிலும் தழும்பு. முள் கடிவாளம் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். 1965ஆம் வருஷ மிருகவதைத் தடுப்பு விதிகளின்படியே அது தடை செய்யப்பட்டது, ஆனாலும் கிடைக்கிறது. அசையாமல் நின்றது தைரியத்தால் இல்லை, அசைந்தால் வாய் கிழியும் என்பதால். முன்னங்காலை மாற்றி மாற்றித் தூக்கி ஆடும். வருகிற விருந்தாளிகள் கைதட்டுவார்கள். பதற்றம் வந்தால்தான் ஆடுகிறது என்று கண்டுபிடிக்க எனக்கே நாலு மாதம் ஆனது.

வெள்ளையனுக்கு இதுவரை கடிவாளம் போடவில்லை. தலைக்கயிற்றிலேயே ஓட்டுகிறோம், தோட்டத்துக்குள் மட்டும். காதைத் தொட விடவே ஏழு மாதம்.

செவலைக்கு மறுபாடம் எடுத்தது சுருக்கமாக: லகானைத் தளர்த்தியே பிடித்தேன், நிற்க வேண்டுமானால் உடம்பைப் பின்னால் சாய்த்து "ஓ...ஓ" என்று ஒரே குரல், அது நடையைக் குறைத்த அதே நொடி லகானை முழுசாக விட்டுவிடுவது. பிடித்தால் ஓடு என்பது, விட்டால் நில் என்று மாற மூன்று மாதம். ஏறுவதற்குத் திண்ணை உயரக் கல் போட்டு, முதல் இரண்டு வாரம் ஏறாமல், கல் பக்கத்தில் நிறுத்திப் புல் கொடுத்து அனுப்பிவிட்டேன். ரோட்டுக்கு, பிறகு வந்த வெள்ளையனைக் கையில் பிடித்து நடத்தி, அதோடு சேர்த்துத்தான் கூட்டிப்போனேன்.

சரி, இத்தனையையும் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது? ஒரு குதிரைக்கு ஒரு நோட்டு. என்ன செய்தது என்பதோடு எத்தனை மணிக்கு, அதற்கு முன் கடைசியாகத் தின்றது எப்போது, யார் பக்கத்தில் இருந்தார்கள், லாடம் அடித்து எத்தனை நாள் என்று எழுதுங்கள். 'அடம்', 'திமிர்', 'பயந்தாங்கொள்ளி' மாதிரி வார்த்தைகளுக்கு என் நோட்டில் இடமில்லை. "காலை 7.10, பின்பக்கமாகப் போனேன், உதைத்தது" என்று எழுதினால் யார் மேல் தப்பு என்று தானாகத் தெரிந்துவிடும். குதிரைக்கு வாலுக்கு நேர் பின்னால் கண் தெரியாது.

மூன்றாவதாக ஒரு ஊட்டி மட்டக்குதிரை இருந்தது. ஏரிக்கரையில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு திரிந்தது. போன தையில் பல்லடம் பக்கம் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தோம், நோட்டும் சேர்த்து. இரண்டாவது வாரம் அந்த வீட்டம்மா கூப்பிட்டார்.

"அக்கா, நல்லாத்தானுங்க போகுது. பத்து நிமிசம் ஆனா டக்குனு திரும்பி வந்து கேட்டுக்கிட்ட நின்னுக்குது. கால்ல ஏதாச்சும் வலியுங்களா?"

"மூணாம் பக்கம் எடுத்துப் பாருங்க கண்ணு" என்றேன். "அங்க ஒரு சவாரிக்குப் பத்து நிமிசம்தான் கணக்கு."