காட்டுயிர் எம்.எஸ்சி. படிக்க வேண்டுமா? ராகி வயலில் தொடங்குங்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் தளி, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் வீடு, பி.எஸ்சி. கடைசி வருடம், காட்டுயிர் படிக்க ஆசை என்றால் முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். விண்ணப்பமெல்லாம் அப்புறம்.

நேர்காணலில் "எனக்குப் புலி பிடிக்கும்" என்று எல்லாரும்தான் சொல்வார்கள், அதை யார் கேட்கப் போகிறார்கள்? ராகி முற்றும் பருவத்தில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைகள் நம் வயல்களுக்கு இறங்குவதை விடிந்தபின் போய்ப் பார்த்து எழுதுங்கள்: எந்த வயல், கதிர் எந்தப் பருவம், யானை வராமல் தடுக்க வெட்டிய அகழி எங்கே மண் சரிந்து தூர்ந்து கிடக்கிறது. முன்கால் தடம் தெளிவாக இருந்தால் அதைச் சுற்றி நூல் வைத்து அளந்து இரண்டால் பெருக்குங்கள், 1.2 மீட்டர் வந்தால் அந்த யானையின் தோள் உயரம் ஏறக்குறைய 2.4 மீட்டர். அப்படியே பரணிலிருந்து இறங்கி வருகிறவரிடம் எத்தனை ராத்திரி தூங்கவில்லை, நிவாரணத்துக்கு மனு கொடுத்தாரா, ராகியை விட்டுவிட்டு வேறு பயிருக்குப் போகிற எண்ணம் உண்டா என்று கேளுங்கள். நிலைத்த வளர்ச்சி என்று பாடத்தில் வருவதே இந்தக் கணக்குதான். தெலுங்கோ கன்னடமோ பேச வந்தால் இன்னும் நல்லது, இங்கே பாதிப் பேச்சு அதில்தான் நடக்கும்.

ராத்திரியில் போகவே போகாதீர்கள். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி கட்டாயம். இந்தப் பக்கத்துக் காடுகளில் காவிரி வடக்குச் சரணாலயம் 2014-லும் தெற்கு 2022-லும் அறிவிக்கப்பட்டவை, "எங்க ஊர்க் காடு" என்று சொல்லித் தப்ப முடியாது.

சரி, எங்கே படிப்பது? மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரி, ஊட்டி அரசு கலைக் கல்லூரி இரண்டிலும் எம்.எஸ்சி. காட்டுயிரியல் உண்டு. கையில் காசு குறைவென்றால் என் ஓட்டு ஊட்டிக்கு. டேராடூன் இந்தியக் காட்டுயிர் நிறுவனமும் பெங்களூரு என்.சி.பி.எஸ்.ஸும் (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) நுழைவுத் தேர்வு, நேர்காணல் இரண்டும் வைத்துத்தான் எடுப்பார்கள். என்.சி.பி.எஸ்.ஸில் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் சேர்க்கை, அறிவிப்பைத் தவறவிட்டால் இரண்டு வருடம் போச்சு.

பிஎச்.டி. வரை போகிற எண்ணமிருந்தால் பெங்களூருவில் இருக்கிற ஏட்ரீ என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்தைப் பாருங்கள், காடும் வாழ்வாதாரமும் சேர்ந்த ஆய்வுதான் அங்கே. தேசிய அளவிலான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வீட்டில் இதை முதலில் சொல்லிவிடுங்கள், பாதிச் சண்டை குறையும்.

புள்ளியியலைத் தள்ளிப் போடாதீர்கள். 'ஆர்' மென்பொருள் இலவசம், உங்கள் நோட்டில் இருக்கிற தடக் கணக்கையே அதில் ஏற்றிப் பழகலாம்.