வாங்கிய சுறாப்பல் புதைபடிவம் அசலா?

10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் முதலில் வேரைப் பாருங்கள். அசல் வேர் மங்கலாக, நுண்துளைகளோடு இருக்கும், எனாமல்தான் பளபளக்கும். இரண்டும் ஒரே மாதிரி மின்னினால் ரெசின் வார்ப்பா என்று சந்தேகப்படுங்கள். காற்றுக்குமிழிகளும் ஓரத்தில் ஓடும் அச்சுக்கோடும் தெரிந்தால் வார்ப்பேதான்.

முழுப் போலியைவிட ஒட்டுவேலையைக் கண்டுபிடிப்பது கடினம். மொராக்கோவிலிருந்து வரும் ஒட்டோடஸ் (அழிந்துபோன பெரிய சுறா இனம்) பற்கள் சிலவற்றில் ஒரு பல்லின் எனாமல் பகுதியை வேறொன்றின் வேரில் பொருத்தி, இணைப்பைப் பசை கலந்த மணலால் மறைத்திருப்பார்கள். இருட்டறையில் புற ஊதா டார்ச் அடியுங்கள். பசை பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும். பிறகு அசிட்டோன் நனைத்த பஞ்சால் வேரின் ஓரத்தில் சிறு புள்ளியளவு மட்டும் தேய்க்கவும். பஞ்சில் நிறம் ஏறினால் பூச்சு. அதிகம் தேய்த்தால் உடையாமலிருக்க ஏற்றிய பசையும் கரைந்துவிடும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கவே வேண்டாம். அசல் பல்லிலும் தழும்பு விழலாம்.