ஆல்பத்தின் பெயரைச் சொன்னால் போதுமா? புதியவர்களுக்கு ஒரு செய்முறை

2024 நவம்பர் 1 அன்று தி க்யூர் குழுவின் 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' வெளிவந்தது. 16 வருஷம் கழித்து வந்த ஆல்பம். அன்று ராத்திரியே நண்பன் ஒருவனுக்கு லிங்க்கைத் தட்டிவிட்டேன். கூட எழுதியது ஒரே வரி: "செம ஆல்பம் மச்சி, கேளு."

மறுநாள் பதில் வந்தது. "ரெண்டு நிமிஷம் கேட்டேன்டா. யாருமே பாடலையே, கரோக்கியை அனுப்பிட்டியா?"

முதல் பாட்டில் பாடகர் ராபர்ட் ஸ்மித் வாயைத் திறக்க மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆகும். எனக்கு அந்தக் காத்திருப்புதான் பிடித்ததே. அவனுக்கு அது தெரியாது, நானும் சொல்லவில்லை. "முதல் மூணு நிமிஷம் வெறும் வாத்தியம்தான், விட்டுடாதே" என்று இன்னொரு வரி சேர்த்திருந்தால் அவன் உட்கார்ந்து கேட்டிருப்பான்.

ஆல்பத்தின் பெயரைச் சொல்வது பாதி வேலைகூட இல்லை. எந்த வாசல் வழியாக நுழைய வேண்டும், எந்த இடத்தில் தலை இடிக்கும் என்று சொல்லி அனுப்புவதுதான் மீதி. இண்டி, ராக் பக்கம் இப்போதுதான் வந்திருக்கிறீர்கள், பிடித்ததை நாலு பேருக்குச் சொல்ல ஆசை, ஆனால் யாரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள் என்றால், நான் இப்போது செய்கிற முறை இது.

படி 1: என்ன பிடிக்காது என்று கேளுங்கள்

"உனக்கு என்ன மாதிரி பாட்டு பிடிக்கும்?" என்ற கேள்வியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. "எல்லாம் கேப்பேன்" என்று பதில் வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

எதைக் கேட்டால் பாதியில் நிறுத்துவாய் என்று கேட்டுப் பாருங்கள். மடை திறந்த மாதிரி கொட்டுவார்கள். "பாடுறவன் கத்தினா ஆகாது." "டிரம்ஸ் இல்லாம இழுத்துக்கிட்டே போனா தூக்கம் வந்துடும்." "வார்த்தை காதுல விழலைன்னா எரிச்சலா இருக்கும்." இந்த ஒவ்வொரு வரியும் பத்து ஆல்பங்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிடும். மூன்றாவது ஆசாமிக்கு ஆல்வேஸ் குழுவின் 'ப்ளூ ரெவ்' (2022) இப்போதைக்கு வேண்டாம். எனக்கு உயிரான ஆல்பம்தான், ஆனால் அதில் பாடகி மாலி ராங்கினின் குரல் கிட்டார் அலைக்குள் பாதி மூழ்கித்தான் கேட்கும்.

"கிட்டார் இரைச்சல் ஒத்துக்காது" என்பவருக்கு ராக்கே கிடையாது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டைச் சேர்ந்த, துவாரெக் இனத்துக் கிட்டார் கலைஞர் எம்டு மொக்தார் 2024-இல் 'ஃபியூனரல் ஃபார் ஜஸ்டிஸ்' வெளியிட்டார். முழுக்கத் தீப்பொறி. அதே பாட்டுகளை மின்சாரக் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பதிவு செய்து 'டியர்ஸ் ஆஃப் இன்ஜஸ்டிஸ்' என்று 2025-இல் கொண்டுவந்தார்கள். 2023 ஜூலையில் நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது குழு அமெரிக்கப் பயணத்தில் மாட்டிக்கொண்டது. ஊர் திரும்ப முடியாத அந்த நாட்களில்தான் இந்தப் பதிவு பிறந்தது. கோபமாகக் கேட்ட அதே மெட்டு இதில் துக்கமாகக் கேட்கும். இரைச்சல் வேண்டாதவருக்கு இரண்டாவதைக் கொடுங்கள். கொஞ்ச நாளில் அவரே முதலாவதைத் தேடிப் போவார்.

எப்போது கேட்பார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நடக்கும்போதா, வேலை செய்துகொண்டேவா, படுக்கும் முன்பா? ராத்திரிக்கு நல்ல ஆல்பம் காலை நடைக்குக் காலைப் பிடித்து இழுக்கும்.

படி 2: ஒரே ஒரு ஆல்பம்

ஐந்து லிங்க் அனுப்பினால் ஐந்தும் கிணற்றில் போட்ட கல். ஒன்றுதான்.

நீளத்தைப் பார்த்துக் கொடுங்கள். பிக் தீஃப் குழுவின் 'டிராகன் நியூ வார்ம் மவுன்டன் ஐ பிலீவ் இன் யூ' (2022) 20 பாட்டு, சுமார் 80 நிமிஷம். சிண்டி லீயின் 'டைமண்ட் ஜூபிலி' (2024) 32 பாட்டு, இரண்டு மணி நேரம். இரண்டுமே அருமை. முதல் முறை கொடுக்க இரண்டுமே தப்பு. 40 நிமிஷத்துக்குள் முடிகிற ஆல்பமாகத் தேடுங்கள். கேட்டு முடித்தேன் என்ற திருப்தி அவருக்குக் கிடைக்க வேண்டாமா?

படி 3: வாசல் பாட்டைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படிக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து வரிசையாகத்தான் கேட்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு. இரண்டாம் முறை கேட்பவருக்கு அது சரி. முதல் முறை வருபவருக்கு எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதைக் காட்டுங்கள்.

டப்ளினில் உருவான ஃபான்டெய்ன்ஸ் டி.சி. குழுவின் 'ரொமான்ஸ்' (2024) ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். 11 பாட்டு. இரண்டாவது 'ஸ்டார்பர்ஸ்டர்'. பாட்டு நெடுக, யாரோ தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்த மாதிரி மூச்சை வெடுக்கென்று உள்ளே இழுக்கும் சத்தம் வரும். பாடகர் கிரியன் சாட்டனுக்கு லண்டன் செயின்ட் பான்க்ராஸ் ரயில் நிலையத்தில் வந்த பதற்றத் தாக்குதலிலிருந்து எழுந்த பாட்டு அது. ராப் கேட்டுப் பழகியவருக்கு அந்த வேகமும் வார்த்தை அடுக்கும் உடனே பிடித்துவிடும். நான் அப்படி ஒருவரை இதன் வழியாகத்தான் உள்ளே இழுத்தேன்.

அதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'ஃபேவரிட்'. வெயில் பட்ட மாதிரி கிட்டார், முணுமுணுக்கத் தோன்றும் மெட்டு. கத்தல் ஆகாது, மெலடிதான் வேண்டும் என்பவருக்கு இதைக் கொடுத்து, கடைசியிலிருந்து முன்னால் வரச் சொல்லுங்கள். ஒரே ஆல்பத்துக்கு இரண்டு வாசல். ஆளைத் தெரியாமல் 'ஸ்டார்பர்ஸ்டர்' வாசலைக் காட்டினால், மெலடி கேட்பவர் அந்த மூச்சுச் சத்தத்திலேயே ஹெட்ஃபோனைக் கழற்றிவிடுவார்.

வாசல் பாட்டு உங்களுக்கு மிகப் பிடித்த பாட்டாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் இருக்காது. நமக்கு மிகப் பிடித்தது இருபதாவது முறை கேட்டபோது பிடித்ததாக இருக்கும்.

படி 4: தலை இடிக்கும் இடத்தைச் சொல்லிவிடுங்கள்

பாடகரும் கிட்டார் கலைஞருமான எம்.ஜே. லெண்டர்மனின் 'மேனிங் ஃபயர்வொர்க்ஸ்' (2024) ஒன்பது பாட்டுள்ள ஆல்பம். சோம்பலான குரல், சிரிப்பும் சோகமும் கலந்த வரிகள். யாருக்கும் கொடுக்கலாம். ஆனால் கடைசிப் பாட்டு 10 நிமிஷம் ஓடும். அதில் பாதிக்கு மேல் பாட்டே இல்லை, ரீங்காரம் மட்டும். சொல்லாமல் விட்டால் போன் கெட்டுவிட்டதா என்று பார்ப்பார்கள். "கடைசியில நீள்றது பிடிக்கலைன்னா நிறுத்திக்கோ, ஒண்ணும் போயிடாது" என்று அனுமதி கொடுத்துவிடுங்கள். இதில் ஒரு வேடிக்கை, அனுமதி கொடுத்தால் முக்கால்வாசிப் பேர் நிறுத்துவதில்லை.

நமக்கு அழகாகப் படுவதுதான் புதியவருக்குப் பெரும்பாலும் இடைஞ்சல். நீண்ட முன்னிசை, சுருதி விலகுகிற குரல், நடுவில் அறுந்து நிற்கிற தாளம். முதல் முறை கேட்டபோது உங்களுக்கே எங்கே முகம் சுளித்தது என்று யோசித்துப் பாருங்கள். அந்த இடம்தான்.

படி 5: நாலு வரியில் எழுதுங்கள்

"போஸ்ட்-பங்க் சாயலில் ஷூகேஸ் கலந்த இண்டி ராக்" என்று எழுதாதீர்கள். தெரிந்தவருக்கு அது தேவையில்லை, தெரியாதவருக்கு அது மிரட்டல். இண்டி என்ற சொல்லே முதலில் பெரிய கம்பெனிகளைச் சாராமல் வெளியிடுவதைத்தான் குறித்தது. இப்போது ஒரு வகை ஓசைக்குப் பெயராகிவிட்டது. நாமே குழம்பிக் கிடக்கும்போது அவரை ஏன் குழப்புவானேன்?

காதில் என்ன விழும் என்று எழுதுங்கள். நான் லெண்டர்மன் ஆல்பத்துக்கு அனுப்பியது இது:

"மேனிங் ஃபயர்வொர்க்ஸ், 2024. இப்பதான் தூங்கி எழுந்தவன் மாதிரி பாடுவான், ஆனா வரிகளைக் கவனி, திடீர்னு சிரிப்பு வரும். மூணாவது பாட்டுல ஆரம்பி. கடைசிப் பாட்டு நீளம், வேணாம்னா விட்டுடு. ராத்திரி கேளு."

இவ்வளவுதான். இதில் "உலகத்திலேயே சிறந்த", "வாழ்க்கையை மாற்றிய" எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அப்படி எழுதினால் அவர் கேட்கும்போது பாட்டோடு மல்லுக்கட்ட மாட்டார், உங்கள் வாக்குறுதியோடுதான் மல்லுக்கட்டுவார்.

குழுவின் பெயரை மட்டும் எழுதுவதும் ஆபத்து. ப்ளாக் கன்ட்ரி, நியூ ரோடு குழுவின் 'ஆன்ட்ஸ் ஃப்ரம் அப் தேர்' 2022 பிப்ரவரி 4 அன்று வந்தது. அதற்குச் சில நாள் முன்புதான் பாடகர் ஐசக் வுட் குழுவை விட்டு விலகுவதாக அறிவித்திருந்தார். மிச்சப் பேர் கலையவில்லை, புதிய பாட்டுகளை எழுதினார்கள். 2025-இல் வந்த 'ஃபாரெவர் ஹவ்லாங்' ஆல்பத்தில் மூன்று பெண்கள் மாறி மாறிப் பாடுகிறார்கள். பெயர் ஒன்றுதான், குரல் வேறு, மனநிலையும் வேறு. "அந்தக் குழுவைக் கேளு" என்று நீங்கள் நடுங்கும் ஆண் குரலை நினைத்துச் சொல்ல, அவர் வேறொன்றைக் கேட்டுவிட்டு "நல்லா இதமா இருக்கே" என்பார். ஆல்பம் பெயரும் வருஷமும் கட்டாயம்.

படி 6: நச்சரிக்காதீர்கள்

மறுநாளே "கேட்டியா?" என்று கேட்டால் அது வீட்டுப்பாடம் ஆகிவிடும். பத்து நாள் விடுங்கள். பிறகும் "எப்படி இருந்துச்சு?" வேண்டாம், "சூப்பர்" என்று ஒரு பொய்தான் கிடைக்கும். "எந்தப் பாட்டுல நிறுத்தினே?" என்று கேளுங்கள். ஐந்தாவதில் நிறுத்தினேன் என்றால் அதுவே பெரிய தகவல்.

படி 7: அடுத்ததுக்கு ஆளைப் பின்தொடருங்கள்

பிடித்துவிட்டது, அடுத்து என்ன என்று கேட்கிறார். "இதே மாதிரி" ஒன்றை எந்த ஆப்பும் காட்டும், அதற்கு நீங்கள் வேண்டியதில்லை. மனிதர்கள் வழியாகக் கூட்டிப்போங்கள். லெண்டர்மன் பிடித்ததா? அவர் கிட்டார் வாசித்த வென்ஸ்டே குழுவின் 'ராட் சா காட்' (2023). அங்கே சத்தம் கூடும். சத்தம் வேண்டாமென்றால், அவர் கூடப் பாடி வாசித்த வாக்ஸஹாட்சியின் 'டைகர்ஸ் ப்ளட்' (2024). அங்கே வாக்ஸஹாட்சி என்ற பெயரில் பாடும் கேட்டி க்ரட்ச்ஃபீல்டின் குரல்தான் ராணி, இவர் பின்னால் நின்று சுருதி சேர்ப்பார். தெரிந்த குரல் ஒன்று துணைக்கு வந்தால் தெரியாத ஆல்பமும் பாதி தெரிந்ததாகிவிடும்.

தயாரிப்பாளரைப் பிடித்தும் போகலாம். 'ரொமான்ஸ்' ஆல்பத்தைத் தயாரித்த ஜேம்ஸ் ஃபோர்டுதான் ஆர்க்டிக் மங்கீஸின் 'தி கார்' (2022), ப்ளர் குழுவின் 'தி பாலட் ஆஃப் டேரன்' (2023) இரண்டுக்கும் பின்னால் இருந்தவர். மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே ஆள் மூன்று வீட்டில் எப்படிச் சமைக்கிறார் என்று தெரியும். இது கொஞ்சம் முற்றிய பித்து, இரண்டு மூன்று ஆல்பம் தாண்டிய பிறகு போதும்.

மிகவும் பிடித்துப்போய்க் காசு கொடுத்து வாங்க நினைத்தால், கலைஞர்கள் தங்கள் இசையை நேரடியாக விற்கும் இணையத்தளமான பேண்ட்கேம்ப்பைக் காட்டுங்கள். அங்கே டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுத்துக்கொள்வது 15 சதவீதம். 2020 மார்ச்சில் தொடங்கிய பேண்ட்கேம்ப் ஃப்ரைடே நாட்களில் அந்தப் பங்கையும் விட்டுவிடுகிறார்கள்.

படி 8: திரும்பக் கேட்டு வாங்குங்கள்

கொடுத்துக்கொண்டே இருப்பவரிடம் யாரும் அதிக நாள் நிற்க மாட்டார்கள். "எனக்கு ஒண்ணு சொல்லு" என்று கேளுங்கள். சொன்னதைக் கேளுங்கள். ஒரே அமர்வில், கையில் போன் இல்லாமல். பிடிக்கவில்லையென்றால் எந்த இடத்தில் என்று சொல்லுங்கள், அது மரியாதை.

கரோக்கி என்று கிண்டலடித்த அந்த நண்பன் பிறகு நான் எழுதிய ஒரு வரியை நம்பி தி க்யூர் ஆல்பத்தை முழுசாகக் கேட்டான். போன வாரம் அவனிடமிருந்து ஒரு செய்தி. கீஸ் குழுவின் 'கெட்டிங் கில்ட்' (2025). கீழே எழுதியிருந்தான்: "முதல் பாட்டுல என் கார்ல குண்டு இருக்குன்னு கத்துவான். பயந்து ஓடிடாதே. ரெண்டாவது பாட்டு தாலாட்டு மாதிரி இருக்கும், அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோ."

கடித்துக்கொண்டேன். இப்போது நாலாவது பாட்டில் இருக்கிறேன்.