மசாலா மணக்கும் பரங்கி விழுது: வீட்டில் செய்யும் முறை

ஆங்கிலத்தில் 'பம்ப்கின் பட்டர்' என்று அழைக்கப்படும் இந்தப் பண்டத்தில் வெண்ணெய் ஒரு துளியும் கிடையாது. கூழாக்கிய சதையை, வெண்ணெயைப் போல ரொட்டியின் மீது வழுவழுப்பாகத் தடவ வரும் வரை சுண்டக் காய்ச்சுவதால் வந்த பெயர் அது. இது ஜாமும் அன்று. ஜாம் உறைவதற்கு எடையில் ஏறத்தாழ 60 முதல் 65 விழுக்காடு சர்க்கரையும், போதிய புளிப்பும், பழங்களில் உள்ள உறையவைக்கும் பொருளான பெக்டினும் ஒன்றுசேர வேண்டும். பரங்கி விழுதிலோ சர்க்கரை குறைவு, புளிப்பு அதைவிடக் குறைவு. ஆகவே இது உறைந்து கெட்டியாவதில்லை, நீர் வற்றித்தான் கெட்டியாகிறது. பச்சைப் பரங்கிச் சதையில் பத்தில் ஒன்பது பங்கு நீர்தான். அந்த நீரை அடிப்பிடிக்காமல், நிறம் கருகாமல் வெளியேற்றுவதே இங்கு உண்மையான சமையல். மசாலா அதற்குப் பிறகுதான்.

பல செய்முறைகள் கூழ், சர்க்கரை, மசாலா அனைத்தையும் ஒரே நேரத்தில் பாத்திரத்தில் கொட்டிக் கிளறச் சொல்கின்றன. நானும் தொடக்கத்தில் அப்படித்தான் செய்தேன். சர்க்கரை அடியில் கருகி, கிராம்பின் காரம் நாக்கை மரத்துப்போகச் செய்த ஒரு பாத்திர விழுதை முழுவதுமாகக் கொட்ட வேண்டியதாயிற்று. முதலில் கூழை மட்டும் வற்றவிட்டு, பாதி வழியில் சர்க்கரையையும், கடைசியில் மசாலாவையும் சேர்க்கும் முறையைத்தான் அதன் பிறகு பின்பற்றிவருகிறேன். நேரம் சற்று நீளும் என்றாலும் கட்டுப்பாடு நம் கையிலேயே இருக்கும்.

காயைத் தேர்ந்தெடுத்தல்

பரங்கி, மஞ்சள் பூசணி, அரசாணி என்று எப்பெயரில் அழைத்தாலும், நமக்கு வேண்டியது ஆரஞ்சு நிறச் சதையுள்ள முற்றிய காய். வெண்பூசணி இதற்கு உதவாது; அதில் நிறமும் இல்லை, வற்றிய பிறகு நிற்கக்கூடிய மாவுத்தன்மையும் இல்லை. அளவில் பெரிய காயைக் காட்டிலும் 1.5 முதல் 2 கிலோ எடையுள்ள, அதன் அளவைப் பார்க்கையில் கனமாகத் தோன்றும் காய் நல்லது. அலங்காரத்துக்குக் குடையப்படும் பெரிய காய்களின் சதை நார் மிகுந்தும் நீர்த்தும் இருக்கும். தோலில் நகத்தை அழுத்தினால் எளிதில் பதியக் கூடாது. காம்பு காய்ந்து உறுதியாக இருக்க வேண்டும்.

நறுக்கியவுடன் ஒரு சிறு துண்டைப் பச்சையாக நாவில் வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். இனிப்பாகவோ சப்பென்றோ இருந்தால் சரி. கசந்தால் உடனே துப்பிவிட்டு, காய் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். பூசணிக் குடும்பத்துக் காய்களில் சில வேளை குகர்பிட்டாசின் என்னும் கசப்புப் பொருள் மிகுந்துவிடுவதுண்டு. அது வயிற்றைக் கடுமையாகப் பாதிக்கக் கூடியது, வேகவைப்பதாலும் போகாது. சர்க்கரையைக் கொட்டி அந்தக் கசப்பை மறைக்க முயல்வது ஆபத்தானது.

வேகவைப்பதா, சுடுவதா?

'அவன்' (oven) எனப்படும் சூட்டடுப்பு இருந்தால் சுடுவதே மேல். காயை நெடுக்காகப் பிளந்து விதையையும் நாரையும் வழித்தெடுத்துவிட்டு, வெட்டிய முகம் கீழே இருக்கும்படி தட்டில் கவிழ்த்து, 200 டிகிரி செல்சியஸில் 45 முதல் 60 நிமிடம் வரை வைக்க வேண்டும். தோலின் மீது கத்தியைக் குத்தினால் தடையின்றி இறங்க வேண்டும். சுடும்போது நீரில் ஒரு பகுதி அவனிலேயே ஆவியாகிவிடுகிறது. தட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் சதை இலேசாகப் பழுப்பேறி இனிப்பும் கூடுகிறது. அடுப்படியில் பின்னர் நின்று கிளற வேண்டிய நேரத்தில் கால் பங்கேனும் இதனால் மிச்சமாகும். முழுக் காயைப் பிளப்பது கடினமாக இருந்தால், கத்தியோடு போராட வேண்டாம். தோலில் நாலைந்து இடங்களில் ஆழமாகக் குத்தி, மைக்ரோவேவில் இரண்டு மூன்று நிமிடம் வைத்தெடுத்தால் தோல் இளகிக்கொடுக்கும்.

அவன் இல்லாதவர்கள் தோல் சீவித் துண்டுகளாக்கி, ஆவியில் 15 முதல் 20 நிமிடம் வேகவைக்கலாம். நீரில் போட்டு வேகவைப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். வெளியேற்ற வேண்டிய நீரை நாமே உள்ளே ஏற்றுவதாகிவிடும். ஆவியில் வெந்த சதையை மசித்த பின் சுத்தமான மெல்லிய துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிட்டால் கணிசமான நீர் வடியும். வடிந்த நீரை சூப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆறிய சதையை மிக்ஸியில் மையாக அரைக்க வேண்டும். அரைபடாமல் சுற்றினால் தண்ணீருக்குப் பதிலாக இரண்டு மேசைக்கரண்டி ஆப்பிள் சாறு ஊற்றலாம். நார் தட்டுப்பட்டால் சல்லடையில் ஒரு முறை தேய்த்தெடுப்பது சிரமத்துக்குத் தக்க பயன் தரும். வற்ற வற்ற நார் இன்னும் துலக்கமாக நாவில் படும், அப்போது வடிகட்டவும் முடியாது. டப்பாவில் அடைத்து விற்கும் கூழையும் பயன்படுத்தலாம். ஆனால் அது வெறும் பரங்கிக் கூழ்தானா, சர்க்கரையும் மசாலாவும் ஏற்கனவே கலந்த இனிப்புக் கலவையா என்பதை உறையில் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

அளவுகள்

1.5 கிலோ எடையுள்ள ஒரு காயைச் சுட்டால் சுமார் 800 கிராம் கூழ் கிடைக்கும். அந்த அளவுக்கு 180 கிராம் நாட்டுச்சர்க்கரை அல்லது பழுப்புச் சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கால் தேக்கரண்டி உப்பு ஆகியவை போதும். மசாலாவில் பட்டைத்தூள் ஒன்றரை தேக்கரண்டி, சுக்குத்தூள் ஒரு தேக்கரண்டி, புதிதாகத் துருவிய ஜாதிக்காய் அரை தேக்கரண்டி, கிராம்புத்தூள் கால் தேக்கரண்டி. கிராம்பில் மட்டும் தாராளம் காட்டக் கூடாது. அதிலுள்ள யூஜெனால் என்னும் எண்ணெய்தான் பல்வலிக்குக் கிராம்பு வைக்கும்போது ஈறை மரத்துப்போகச் செய்வது, விழுதிலும் அது அதையே செய்யும். ஆல்ஸ்பைஸ் கிடைத்தால் கிராம்பின் அளவைப் பாதியாக்கி, அதைக் கால் தேக்கரண்டி சேர்க்கலாம். பெயரைக் கேட்டுப் பலர் அதை ஒரு மசாலாக் கலவை என்று எண்ணிக்கொள்கின்றனர். உண்மையில் அது ஒரே மரத்தின் காய்ந்த காய்.

பட்டையில் இருவகை உண்டு. தடித்து, கெட்டியாக, ஒரே சுருளாக இருப்பது காசியா. மெல்லிய ஏடுகள் பல ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு, விரலால் நொறுக்க வருவது இலங்கைப் பட்டை. முன்னதன் மணம் முரட்டுத்தனமானது. பரங்கியின் மண்வாசனையோடு மோதி நிற்க அதுவே ஏற்றது என்பது என் கருத்து. இலங்கைப் பட்டையின் மென்மணம் பிடித்தவர்கள் அளவை அரை தேக்கரண்டி கூட்டிக்கொள்ளலாம்.

சுண்டவைத்தல்

அடிகனமான, வாயகன்ற பாத்திரம் வேண்டும். குறுகிய ஆழமான பாத்திரத்தில் ஆவி வெளியேறப் போதிய பரப்பு இல்லாததால் நேரம் இரட்டிப்பாகும். சமைக்கத் தொடங்குமுன் வெறும் பாத்திரத்தை நிறுத்து எடையைக் குறித்துவைத்துக்கொள்வது மிகவும் உதவும். எவ்வளவு நீர் போயிற்று என்பதைக் கண்ணால் ஊகிப்பதைக் காட்டிலும் தராசு சரியாகச் சொல்லும்.

கூழை மட்டும் பாத்திரத்திலிட்டு, மிதமான தீயில் வைத்து, ஆவி எழத் தொடங்கியதும் தீயைக் குறைக்க வேண்டும். கெட்டியான கூழ் தண்ணீரைப் போல அமைதியாகக் கொதிக்காது. அடியில் சிக்கிய ஆவி குமிழாகத் திரண்டு வெடித்து, கொதிக்கும் துளிகளைக் கை மீதும் முகத்தின் மீதும் தெறிக்கவிடும். நீண்ட காம்புள்ள மரக்கரண்டியும், பாத்திரத்தின் மீது சாய்வாக வைத்த தட்டும் இதற்குத் தேவை. தட்டால் முழுவதுமாக மூடிவிட்டால் வெளியேறிய ஆவி நீராகித் திரும்ப உள்ளேயே விழும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை, கரண்டியின் தட்டையான விளிம்பு பாத்திரத்தின் அடியையும் ஓரங்களையும் தொடும்படி கிளறிக்கொண்டிருந்தால், 20 முதல் 25 நிமிடத்தில் 800 கிராம் ஏறத்தாழ 600 கிராமாகக் குறையும்.

இப்போது சர்க்கரை, உப்பு, எலுமிச்சைச் சாறு மூன்றையும் சேர்க்க வேண்டும். சர்க்கரை கரைந்ததும் விழுது திடீரென்று இளகித் தண்ணீராகும், பதறத் தேவையில்லை. இதிலிருந்து அடிப்பிடிக்கும் வாய்ப்பு மிகுதி என்பதால், தீயை இன்னும் தணித்து, இடைவிடாமல் கிளற வேண்டும். சுமார் 10 நிமிடத்தில் நிறம் ஆழ்ந்து, பளபளப்பு ஏறும். அப்போது மசாலாத்தூள்களில் முக்கால் பங்கைத் தூவிக் கலந்து, இன்னும் 5 முதல் 10 நிமிடம் வைத்திருக்கலாம். முன்கூட்டியே போட்ட மசாலா நெடுநேரக் கொதிப்பில் தன் மேல்மணத்தை ஆவியோடு இழந்துவிடுகிறது. காரமும் கசப்பும் மட்டும் செறிந்து தங்குகின்றன. மீதிக் கால் பங்கை, சுவைத்துப் பார்த்த பின் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். சூடாக இருக்கும்போது இனிப்பு கூடுதலாகத் தெரியும் என்பதையும், மசாலா ஓர் இரவு ஊறிய பிறகுதான் முழுமையாக விரியும் என்பதையும் அந்த முடிவில் கணக்கில் கொள்ள வேண்டும். ஆகையால் சூட்டில் சுவைக்கும்போது இனிப்பு ஒரு மாற்றுக் கூடுதலாகவும், மசாலா ஒரு மாற்றுக் குறைவாகவும் தெரிந்தால் அதுவே சரியான அளவு.

பதம் பார்க்க இரண்டு வழிகள் உள்ளன. பாத்திரத்தின் நடுவே கரண்டியால் ஒரு கோடு இழுத்தால், அடி தெரிந்து, இரண்டு நொடி கழித்தே அந்தக் கோடு மூட வேண்டும். இன்னும் நம்பகமானது குளிர்ந்த தட்டுச் சோதனை: ஃப்ரீசரில் வைத்தெடுத்த தட்டில் ஒரு தேக்கரண்டி விழுதை வைத்து ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். விழுதைச் சுற்றித் தண்ணீர் வளையம் பிரிந்து கசிந்தால் இன்னும் வற்ற வேண்டும். கசியாமல் குவியலாக நின்றால் இறக்கிவிடலாம். பாத்திரத்தின் எடை போக, சர்க்கரையும் சேர்ந்து இது 700 கிராம் அளவில் வரும். பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும் வரை விட்டால் பதம் தாண்டிவிட்டது என்று பொருள். ஆறிய பின் அதைத் தடவ முடியாது. அப்படி நேர்ந்துவிட்டால் சிறிது ஆப்பிள் சாறு ஊற்றி, மீண்டும் சூடாக்கி இளக்கலாம். அடி பிடித்துவிட்டாலோ, கரண்டியால் சுரண்டிவிடாமல், மேலே உள்ளதை மட்டும் மெதுவாக வேறு பாத்திரத்துக்கு மாற்றித் தொடர வேண்டும். சுரண்டினால் கருகல் வாடை முழுவதிலும் கலந்துவிடும்.

நின்று கிளற இயலாதவர்கள், முதல் கட்டத்தை அவனுக்கு விட்டுவிடலாம். கூழை அகலமான தட்டில் பரப்பி, 150 டிகிரி செல்சியஸில் வைத்து, 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஓரங்களை நடுவுக்கு இழுத்துக் கலந்துவிட்டால் போதும். நேரம் கூடும், ஆனால் தெறிப்பும் இல்லை, அடிப்பிடிப்பும் இல்லை.

சேமித்தல்: இதில் மட்டும் சலுகை இல்லை

ஜாமையும் ஊறுகாயையும் போலப் புட்டியில் அடைத்து, கொதிநீரில் வைத்து மூடி, அலமாரியில் மாதக்கணக்கில் வைக்கலாம் என்று எண்ணுவது இயல்பு. பரங்கி விழுதுக்கு அது பொருந்தாது. பாட்யூலிசம் என்னும் உயிருக்கு ஆபத்தான நச்சு நோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் 100 டிகிரி கொதிநீரில் சாவதில்லை, புளிப்பைக் குறிக்கும் பி.ஹெச். அளவு 4.6-க்குக் கீழே இருக்கும் புளித்த பண்டங்களில்தான் அவை வளராமல் அடங்கியிருக்கும். பரங்கியின் புளிப்பு அந்த எல்லையை எட்டுவதில்லை. எலுமிச்சைச் சாறு இங்கே சுவைக்காகச் சேர்க்கப்படுவது. அந்த இரண்டு கரண்டி பாதுகாப்பு ஆகாது. கொதிநீரைவிடக் கூடுதல் வெப்பம் தரும் அழுத்தக் கலத்தில் (பிரஷர் கேனர்) வைத்து அடைத்தாலும், காய்க்குக் காய் மாறும் கெட்டித்தன்மையால் புட்டியின் நடுப்பகுதி வரை வெப்பம் ஊடுருவியதா என்பதற்கு உறுதி இல்லை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் வழிகாட்டுதலும் இக்காரணங்களால் பரங்கிக் கூழையும் விழுதையும் வீட்டில் புட்டியில் அடைப்பதைப் பரிந்துரைப்பதில்லை. இந்த நச்சு உருவாகியிருந்தாலும் நிறத்திலோ மணத்திலோ மாற்றம் தெரியாமல் போகலாம் என்பதால், 'முகர்ந்து பார்த்துக்கொள்ளலாம்' என்ற துணிச்சலுக்கு இங்கே இடமில்லை.

எனவே ஃப்ரிட்ஜும் ஃப்ரீசரும்தான் வழி. வெந்நீரில் கழுவி முற்றிலும் உலரவைத்த சிறிய புட்டிகளில் நிரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். மேற்கூறிய அளவு 250 மில்லி கொள்ளும் மூன்று புட்டிகளில் அடங்கும். பெரிய புட்டி ஒன்றைவிடச் சிறியவை மூன்று மேல். நடுப்பகுதி விரைவாகக் குளிரும், ஒன்றைத் திறக்கும்போது மற்றவை தீண்டப்படாமல் இருக்கும். 4 டிகிரிக்கு மேற்படாத குளிரில், உலர்ந்த கரண்டியையே பயன்படுத்தினால் ஒன்று முதல் இரண்டு வாரம் வரை நன்றாக இருக்கும். மேலே பூஞ்சை தென்பட்டால், அந்தப் பகுதியை மட்டும் வழித்தெறிந்துவிட்டு மீதியை உண்பது கூடாது. புட்டியோடு அப்புறப்படுத்த வேண்டும்.

ஃப்ரீசரில் ஆறு மாதம் வரை சுவை குன்றாது. உறையும்போது விழுது விரிவதால், மூடிக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டர் இடம் விட்டே நிரப்ப வேண்டும். வேண்டும்போது முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜுக்கு இறக்கிவைத்தால், காலையில் ரொட்டிக்கோ, ஓட்ஸ் கஞ்சிக்கோ, தயிரில் ஒரு கரண்டி கலக்கவோ ஆயத்தமாக இருக்கும். உருகிய விழுதின் மேல் சிறிது நீர் பிரிந்து நிற்பது வழக்கம். கிளறினாலே பெரும்பாலும் சேர்ந்துவிடும். சேராவிட்டால் சிறு தீயில் ஐந்து நிமிடம் வைத்து வற்றவிட்டு, ஜாதிக்காயை இரண்டு இழுப்பு துருவிச் சேர்த்தால், உறைந்து கிடந்ததில் மங்கிப்போன மணம் மீண்டும் எழும்.