இயர்பட்ஸ் சார்ஜ் ஏறவில்லையா? கேபிளை மாற்றிப் பாருங்கள்

புது இயர்பட்ஸ் பெட்டியை இரண்டு முனையும் டைப்-சி ஆக உள்ள கேபிளில் செருகியும் விளக்கு எரியவில்லையா? உடனே திருப்பி அனுப்பாதீர்கள். ஒரு முனை பழைய பட்டை யூஎஸ்பி (டைப்-ஏ), மறுமுனை டைப்-சி உள்ள கேபிளில் போட்டுப் பாருங்கள். பல நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

டைப்-சி சார்ஜர், எதிரே ஒரு கருவி இருப்பது உறுதியானால்தான் மின்சாரம் விடும். அந்தச் சேதியைச் சொல்பவை கருவிக்குள் இருக்கும் 5.1 கிலோ ஓம் மின்தடைகள். மலிவான சில இயர்பட்ஸ், நெக்பேண்டுகளில் காசை மிச்சம் பிடிக்க அவற்றை வைப்பதே இல்லை (மிச்சமாவது சில பைசாதான்!). பட்டை யூஎஸ்பி சார்ஜருக்கு இந்த விசாரணையெல்லாம் கிடையாது. எப்போதும் 5 வோல்ட் தந்துகொண்டே இருக்கும். மொபைலோடு முன்பு வந்த சாதாரண சார்ஜரே போதும்.

அதிலும் ஏறவில்லை என்றால் இந்தக் குறிப்பு உதவாது. துளையில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் வாரண்டிதான். பெட்டி சார்ஜ் ஆகி ஒரு பக்க பட் மட்டும் ஏறாவிட்டால் கேபிள்மேல் குற்றமில்லை. உள்ளே இருக்கும் உலோகப் புள்ளிகளை உலர்ந்த பஞ்சால் துடையுங்கள்.